அண்ணனூர் டிரம்

மூக்கைப் பொத்திக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைகிறவர்களைப் பற்றி எனக்கு என்றைக்கும் கவலை இருந்ததில்லை. அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். "ஆஹா, என்ன வாசனை!" என்று நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு வருகிறார்களே, அவர்களைக் கண்டால்தான் எனக்கு இருப்புக்கொள்ளாது.

கார் பாலிஷ், டாஷ்போர்டு பாலிஷ், டயர் கறுப்பு என்று கார்களுக்கு மினுக்கு ஏற்றும் சரக்குகளைத் தயாரிக்கிற தொழிலில் என் ஆயுசில் பாதிக்கு மேல் போயிருக்கிறது. ஓய்வு பெற்றுவிட்டேன் என்றுதான் பெயர். சொந்தக்காரர் வீட்டுப் புதுக் காரில் ஏறினால் முதல் வேலையாக மூக்கு மோப்பம் பிடிக்கும், கை கண்ணாடியை இறக்கும். "ஏசி போட்டிருக்கு பெரியம்மா" என்பார்கள். போட்டிருக்கட்டுமே. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "அனுபவத்தைச் சொல்லுங்க மேடம்" என்று நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள். எங்கே உட்கார முடிந்தது? உங்களில் ஒருவர் நான்கு கதவையும் சாத்திக்கொண்டு காருக்குள் குந்தி, ஸ்ட்ராபெர்ரி வாசனை ஸ்ப்ரேயை அடித்துக்கொண்டிருந்தார். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். எல்லோரும் சிரித்தீர்கள். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். இதையாவது சிரிக்காமல் படியுங்கள்.

எண்பதுகளின் பின்பாதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். நான் அங்கே பேக்கிங் சூப்பர்வைசர். படித்தது சரித்திரம், கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. பட்டம் வாங்கிவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நானே அலைந்து தேடிக்கொண்ட வேலை அது. மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் ஷெட்டில் எனக்கு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சரக்கைக் கலக்குவது ஏழுமலை அண்ணன். கலக்கியதை டப்பாவிலும் பாட்டிலிலும் ஊற்றுவது ருக்மணியும் இன்னும் சில பெண்களும். ருக்குவுக்கு ஊர் பருத்திப்பட்டு. அவள் அம்மா ஏரிக்கரை வயலில் நாற்று நட்டவர். ருக்குதான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பெனி வேலைக்கு வந்தவள். இரண்டு பெண் குழந்தைகள். அவள் சிரித்தால் கூரை அதிரும். வாய் ஓயாது, கையும் ஓயாது. என் சுபாவத்துக்கு அவளைத்தான் பிடித்தது.

முதலாளி கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை போகப்போக உங்களுக்கு அவர்மேல் கோபம் வரும். எனக்கு இன்னும் வருகிறது. எனக்கு முன்னால் அங்கே சூப்பர்வைசராக இருந்தவர், செய்முறை முழுவதையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய், பக்கத்துத் தெருவிலேயே ஒரு ஷெட் பிடித்து, அதே நிற டப்பாவில் அதே பாலிஷை விற்க ஆரம்பித்துவிட்டார். அதில் சூடுபட்டவர் முதலாளி. அதற்குப் பிறகு எந்த டிரம் வந்து இறங்கினாலும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே லேபிளைச் சுரண்டி எடுப்பார். சுரண்டிய இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு ஸ்டேஷன் பெயரை எழுதுவார். நாங்கள் தினமும் வந்துபோகிற மின்சார ரயில் நிற்கும் ஸ்டேஷன்கள்தான். கண்ணைக் கரிக்கிற கரைப்பானுக்குக் கொரட்டூர். மெழுகு என்றால் பட்டரவாக்கம். பளபளப்புக்கு ஊற்றுகிற எண்ணெய் திருமுல்லைவாயல்.

"ரெண்டு கொரட்டூர், அரை பட்டரவாக்கம் போடு ஏழுமலை" என்பார். ஏழுமலை அண்ணன் போடுவார். டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எஸ்டேட்டில் இது ஒன்றும் புதுமை இல்லை. ஒரு ஷெட்டில் நம்பர் போடுவார்கள், இன்னொன்றில் சாமி பெயர் வைப்பார்கள். எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. "டீச்சரக்கா, இன்னிக்கி கொரட்டூரு ஓவரா கீது, கண்ணு எரியுது" என்று ருக்கு கண்ணைக் கசக்கிக்கொண்டு சொல்வாள். ஆகட்டும் என்று நானும் தலையாட்டுவேன்.

கொரட்டூரின் நெடி லேசுப்பட்டது இல்லை. ரயிலில் நான் ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிற அம்மா நைசாக எழுந்து வேறு இடம் பார்ப்பார். தலைக்குக் குளித்தாலும் போகாது. இதற்குப் பரிகாரமாக மத்தியானம் ஆளுக்கு ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் முதலாளி கொடுப்பார். பால் குடித்தால் நெடி இறங்கிவிடும் என்று எஸ்டேட் முழுக்க ஒரு நம்பிக்கை. யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

விஷயம் என்னவென்றால், நெடியைக் குறைக்கவும் முடியாது. டாக்ஸி டிரைவர்கள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். "இன்னா நைனா, வாடையே காணோம், தண்ணி கலந்துட்டியா?" என்று கடைக்காரரிடம் திருப்பி வீசிவிட்டுப் போவார்கள். வாடை இருந்தால் சரக்கு ஸ்ட்ராங் என்பது அவர்கள் கணக்கு. வீட்டுக்காரர்கள் கணக்கு வேறு. ஒரு நாள் எங்கள் குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், டாஷ்போர்டு பாலிஷ் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஷெட் வாசலில் வந்து நின்றார்.

"இங்க யாரு முதலாளி? இது பாலிஷா, இல்ல வயலுக்கு அடிக்க மருந்தா? மழையின்னு கண்ணாடிய ஏத்திட்டு பூந்தமல்லி வரைக்கும்தான் போனோம். எம் பிள்ள வழியெல்லாம் கக்கிட்டு வாரான். வீட்டுக்காரி மண்டையப் புடிச்சிட்டு கெடக்கா."

பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் முதலாளியின் அறைக்கு ஓடினேன். கொரட்டூரைக் குறைக்கலாம், கண்ணாடியை இறக்கிவிட்டுப் பயன்படுத்தவும் என்று லேபிளில் ஒரு வரி போடலாம் என்றேன்.

"கண்ணாடிய எறக்குன்னு போட்டா, இது விஷம்னு நாமளே தம்பட்டம் அடிச்ச மாதிரி ஆயிடும்மா" என்றார். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். "வாடைதானே அவங்களுக்குப் பிரச்சினை? வாடைய மாத்திட்டா போச்சு."

அடுத்த சில வாரங்களில் ஒரு புது டிரம் வந்து இறங்கியது. லேபிள் சுரண்டப்பட்டது. அண்ணனூர் என்று எழுதப்பட்டது. மூடியைத் திறந்தார் பாருங்கள், ஷெட்டே கல்யாண மண்டபம் ஆகிவிட்டது! பாதாம் பால் காய்ச்சுகிற வாசனை. ஏழுமலை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பெண்கள் எல்லோரும் அந்த மூலையில்தான் உட்காருவேன் என்று சண்டை போட்டார்கள். கொரட்டூர் அங்கேயேதான் இருந்தது, ஒரு சொட்டுக் குறையவில்லை. அதன்மேல் அண்ணனூர் போர்வை போர்த்திக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் புகார் நின்றுவிட்டது. டிரைவர்களுக்கும் பிடித்தது, குடும்பக்காரர்களுக்கும் பிடித்தது. ரயிலில் பக்கத்து சீட்டு அம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "என்ன செண்ட் போடறீங்க?" என்று கேட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அண்ணனூர் டிரம்மின் குழாய் ஒழுகும். கேனில் பிடிக்கும்போதெல்லாம் ருக்கு சிந்தியதை முந்தானையால் துடைத்து, அதை அப்படியே இடுப்பில் சொருகிக்கொள்வாள். வேறு எந்த டிரம் சிந்தினாலும் கந்தல் துணியைத் தேடுகிறவள், இதற்கு மட்டும் முந்தானை. "ஊட்டுக்குப் போனா எம் பொண்ணுங்க மடில படுத்துக்கினு மோந்து பாக்குதுங்கக்கா. செண்ட் வாங்கறதுக்கு நம்ம கிட்ட ஏது வழி? கெடைக்கறப்ப வெச்சிக்குவோம்" என்பாள். தலைவலிக்கிறது என்று அடிக்கடி நெற்றியில் தைலம் தேய்த்துக்கொள்வாள். மழைக்காலம், நீர் கோத்துக்கொண்டிருக்கும் என்று நாங்களே வைத்தியம் சொன்னோம்.

ஆயுத பூஜை நெருங்கியது. இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு அந்தப் பரபரப்பைச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருக்கிற லாரி, டாக்ஸி, ஆட்டோ, குவார்ட்டர்ஸ் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மினுக்கு ஏற வேண்டும். வாசலில் டெம்போ நின்றுகொண்டே இருக்கும். முதலாளி போனைக் கீழே வைக்க மாட்டார். பூஜைக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு நாள் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. சாரல் அடித்து லேபிள்கள் நனைகின்றன என்று முதலாளி ஷட்டரை இறக்கச் சொன்னார். ஷட்டரை இறக்கினால் காற்று வர வேறு வழி கிடையாது. கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. எனக்கு ஒரே படபடப்பு. என்னவென்று சொல்லத் தெரியாமல் பேக்கிங் மேஜைக்கும் ஷட்டருக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

யாரோ ஒரு பெண் உரக்கச் சிரிப்பது கேட்டது. "இன்னாடி ருக்கு, லிப்ஸ்டிக் போட்டுக்கினு வந்துகீறே? அதுவும் ஊதா கலருல!"

எல்லோரும் சிரித்தார்கள். ருக்குவும் சிரித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் உதடு நாவல் பழம் தின்றவள் உதடு மாதிரி இருந்தது. டயர் கறுப்பு பட்டிருக்கும் என்று என் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. அவள் விரலைப் பிடித்துப் பார்த்தேன். நகமெல்லாம் நீலம்.

"தல கிர்ருன்னு சுத்துதுக்கா" என்றாள் ருக்கு. அப்படியே மேஜைமேல் சாய்ந்தாள்.

கத்தலும் கூச்சலும்தான். ஏழுமலை அண்ணன் மத்தியானத்துக்கு வாங்கி வைத்திருந்த பாலைச் சொம்போடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "வாயத் தொற தாயி, குடி, எறங்கிடும்" என்று அவள் தாடையைப் பிடித்தார். நான் சொம்பைத் தட்டிவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரிந்து அதைச் செய்யவில்லை. பாதி மயக்கத்தில் இருக்கிறவள் வாயில் எதை ஊற்றினாலும் புரையேறிவிடும் என்ற ஒரே பயம்தான். "பால் வேணாம்ணே! ஷட்டரைத் தூக்குங்க!" என்று கத்தினேன்.

ஷட்டர் ஏறியது. நாங்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். மழை, காற்று, தெரு. இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். திறந்த வெளிக்கு வந்த பிறகும் பாதாம் வாசனை எங்களோடு கூடவே வந்தது. டிரம் அங்கே உள்ளே இருக்கிறது, மழைக்காற்று இங்கே ஆளைத் தள்ளுகிறது, அப்புறம் இந்த வாசனை எங்கிருந்து வருகிறது? குனிந்து அவள் இடுப்பை மோந்தேன். முந்தானை, பாவாடை நாடா, இடுப்புத் தோல் எல்லாம் ஊறிப் போயிருந்தன. காற்றாட வெளியே போட்டால் போதாது, அது அவள் உடம்பின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

"புடவையை அவுருங்க" என்றேன்.

"இன்னா டீச்சர் பேசற நீ? தெருவுல, ஆம்பளைங்க கீறாங்க!" என்று பெண்கள் அவளைச் சுற்றி மறைத்துக்கொண்டார்கள். மானம் போய்விடும் என்று அவர்களுக்குத் துடிப்பு, உயிர் போய்விடும் என்று எனக்கு. "ஏழுமலைண்ணே, எல்லாரையும் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. இந்தப் பக்கம் பாத்தவன் கண்ணைத் தோண்டிடுவேன்" என்றேன். நானே அவிழ்த்தேன். மழைத் தண்ணீரிலேயே அவள் இடுப்பையும் கையையும் கழுவிவிட்டோம். விற்பனைக்கு வைத்திருந்த புதுக் கார் கவர் ஒன்றை உறையைக் கிழித்து எடுத்து, அவளை அதில் சுற்றினோம். புடவையை ஒரு பாலிதீன் பையில் திணித்து வாயைக் கட்டி என்னோடு எடுத்துக்கொண்டேன்.

முதலாளி அறையிலிருந்து ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை. என் காதருகே குனிந்து, "ஆஸ்பத்திரில ஹார்ட் வீக்குன்னு சொல்லும்மா. பாலிஷ் கீலிஷ்னு வாயத் தொறந்துடாத" என்றார். எனக்கு அவரை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போல் இருந்தது. ஆட்டோவைக் கைகாட்டினேன்.

ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பப் பார்த்தார். "ஐய, பாடியா? சவாரி வேணாங்க்கா, பூஜ நேரம்."

கார் கவருக்குள்ளிருந்து ருக்குவின் குரல் தேய்ந்து வந்தது. "பாடி இல்லப்பா... உசுரோட தான் கீறேன்... ஓட்டு நைனா."

அப்படி ஓட்டினார் அந்த மனிதர். இன்றைக்கும் அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஓர் இளம்பெண், என் வயதுதான் இருக்கும். ஆக்சிஜன் வைத்தார்கள். நீலம் இறங்கவில்லை. கையில் ரத்தம் எடுத்தார்கள். சிவப்பாக வரவில்லை, காப்பி டிகாஷன் நிறத்தில் வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"எங்க வேலை பாக்கறாங்க? எதை சுவாசிச்சாங்க?"

ஹார்ட் வீக் என்ற சொல் என் வாயில் வரவே இல்லை. "கார் பாலிஷ் பண்ற எடம். இவங்க புடவைல ஊறினது அண்ணனூர்" என்றேன்.

"ஊரைக் கேக்கலம்மா. கெமிக்கல் பேரு?"

எங்கள் டிரம் வேடிக்கையை அவரிடம் விளக்கிச் சொன்னபோது எனக்கு அவமானமாக இருந்தது. தினமும் சிரித்துக்கொண்டு சொன்ன பெயர்கள்! பையைப் பிரித்துப் புடவையைக் காட்டினேன். டாக்டர் கையால் விசிறித் தூரத்திலிருந்தே மோந்தார். முகம் மாறியது.

"பாதாம். இந்த வாடை ஒண்ணுக்கு மேல விஷத்துக்கு உண்டு. எனக்கு அதுல ஒண்ணைத்தான் சந்தேகம். ஆனா ஒண்ணுக்குக் குடுக்கற மருந்து இன்னொண்ணுக்கு எமன். பேரு தெரியாம நான் ஊசி போட மாட்டேன். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்க. பால் ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

"நல்லது. இதுக்குப் பால் ஆகாது."

வரவேற்பு மேஜையில் இருந்த போனில் ஷெட்டுக்குச் சுற்றினேன். ஒரே மணியில் முதலாளி எடுத்தார். ருக்கு எப்படி இருக்கிறாள் என்று பதறிப் பதறித்தான் கேட்டார். அண்ணனூருக்குப் பெயர் என்ன என்றேன்.

"அதையெல்லாம் போன்ல கேக்கறியேம்மா... டாக்டர் வேற ஏதாவது மருந்து போட்டுப் பாக்கட்டுமே" என்றார்.

திட்டலாம். அழலாம். போலீஸ் என்று மிரட்டலாம். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. மிரட்டினால் போனை வைத்துவிடுவார் என்றும் தோன்றியது. வைத்துவிட்டால் நான் எஸ்டேட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் ருக்கு என்ன ஆவாள்? கால் தரையில் நிற்கவில்லை எனக்கு. போன் ஒயர் இழுக்கிற வரைக்கும் முன்னும் பின்னும் நடந்தேன். அப்படி நடக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த மனிதர் ருக்கு சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. போலீசுக்குக்கூட அப்புறம்தான் பயப்படுகிறார். இப்போது அவர் பயப்படுவது எனக்கு. படித்தவள், சூப்பர்வைசர், நாளைக்கே இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இன்னொரு ஷெட் போட்டுவிடுவாள் என்று.

"முதலாளி, எங்கிட்ட சொல்ல வேணாம்" என்றேன். "நான் போனை டாக்டர் கையில குடுத்துட்டு வெளிய போயிடறேன். என் காதுல விழாது. டாக்டர்கிட்டயும் கேட்டுக்க மாட்டேன். எம் மேல ஆணையா."

போனை டாக்டர் கையில் கொடுத்தேன். மழையில் இறங்கி, ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்கள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போயின. நான் நகரவில்லை. வாழ்க்கையில் நான் அசையாமல் நின்றது அந்தக் கொஞ்ச நேரம்தான் என்று நினைக்கிறேன்.

டாக்டர் என்னைத் தேடிக்கொண்டு கேட்டுக்கே வந்தார். "சொல்லிட்டார். ஊசி போட்டாச்சு, உதட்டுல நீலம் எறங்க ஆரம்பிச்சிருக்கு" என்றார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் உள்ளே திரும்பப் போனவர் நின்றார். "உங்க முதலாளி என்ன மனுஷங்க? பேரைச் சொல்றதுக்கு முன்னாடி, அந்தம்மா பக்கத்துல இல்லையேன்னு திரும்பத் திரும்பக் கேட்டார்."

ஒருவர் உண்மையை மறைத்தால், எதற்குப் பயந்து மறைக்கிறார் என்று பாருங்கள். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் வாய் தானாகத் திறக்கும். நெருக்கடியில் நியாயம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள், நியாயத்துக்கு அப்புறம் நேரம் இருக்கும். இதைத்தான் பாடமாக உங்களுக்குச் சொல்லிவிட்டு முடித்திருப்பேன். ருக்கு முடிக்க விடவில்லை.

ஆயுத பூஜையன்று ருக்கு எழுந்து வந்துவிட்டாள். வரவேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது, வாய் மட்டும் பழைய வாய்தான். "டீச்சரக்கா, அந்த ஊசி மருந்தும் நீலந்தான் தெரியுமா? ஒண்ணுக்குப் போனா பச்சையா போவுது. உள்ளயே பெயிண்ட் அடிச்சி அனுப்பிட்டாங்க" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள். கலக்கும் மெஷின், தராசு, டிரம்கள் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்திருந்தோம். அண்ணனூர் டிரம்மும் மூடி இறுக்கப்பட்டு வரிசையில் நின்றது. நான் அதை யாரையும் தொட விடவில்லை. முதலாளியோ, கையுறை வாங்கித் தருகிறேன், பாதி டிரம் மிச்சம் இருக்கிறதே என்று இழுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் ருக்குவுக்கு மரியாதை செய்ய நினைத்தார் போலிருக்கிறது. சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் அவள் கையில் கொடுத்து, "நீயே எல்லாத்துக்கும் பொட்டு வைம்மா" என்றார்.

மெஷினுக்கு வைத்தாள். தராசுக்கு வைத்தாள். கொரட்டூர் முன்னால் வந்து நின்றாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"மொதலாளி, இதுங்க பேரு இன்னா?"

"எழுதிதானே இருக்கு" என்றார் அவர்.

"அது ஸ்டேஷன் பேரு. நான் படிக்காதவதான், ஆனா ரயிலுல டெய்லி போறவ. நெஜப் பேரு இன்னா? என் ரத்தத்துல போயி உக்காந்துச்சே, அது பேரு அந்த டாக்டருக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேணாமா? பேரு தெரியாத சாமிக்கு நான் பொட்டு வைக்க மாட்டேன்."

முதலாளி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எனக்கு உடனே புரிந்தது. என் காதில் விழாது என்று சத்தியம் பண்ணினவள் ஆயிற்றே. மேஜைமேல் இருந்த பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன்.

ருக்கு என் கையை எட்டிப் பிடித்தாள். சந்தனம் என் மணிக்கட்டெல்லாம் ஒட்டியது.

"நீ இன்னாத்துக்கு வெளிய போற? என் உசுருக்காக ஒரு தபா வெளிய போனியாமே, அது போதும். இங்கயே நில்லு. நீ நிக்கறப்பவே சொல்லட்டும்."

முதலாளி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மிர்பேன் ஆயில்" என்றார். குரலே எழும்பவில்லை. பிறகு கொஞ்சம் உரக்க, "படிச்சவங்க நைட்ரோபென்சீன்னு சொல்வாங்க."

ருக்கு அதை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு சுளுக்கிக்கொண்டது, சிரித்துவிட்டு மறுபடி சொன்னாள். சரியாக வந்ததும் கொரட்டூரைத் தட்டினாள். "அப்ப இது?" அவர் சொன்னார். பட்டரவாக்கம், திருமுல்லைவாயல் என்று வரிசையாக அவள் தட்டத் தட்ட அவர் சொல்லிக்கொண்டே போனார். பாதி சொல்லும்போதே அவர் தோள் இறங்கி, பாரத்தைக் கீழே வைத்தவர் மாதிரி ஆகிவிட்டார். யாரும் அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு ஷெட் போடவில்லை. நானும்தான்.

கடைசியில் ருக்கு எந்த டிரம்முக்கும் பொட்டு வைக்கவில்லை. நேராக வாசலுக்குப் போனாள். எக்கி நின்று, சுருட்டி மேலே ஏற்றியிருந்த ஷட்டரின் விளிம்பில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணனூர் டிரம் அந்த வாரமே திரும்பிப் போனது. நான் அங்கே வேலை பார்த்த வரைக்கும், எப்பேர்ப்பட்ட மழை அடித்தாலும், உள்ளே ஆள் இருக்கும்போது அந்த ஷட்டரை யாரும் இறக்கவில்லை.